வீட்டுக் கோழிகளுக்கு எத்தனை சேவல்? எண்ணிக்கையை முடிவு செய்யும் முறை

கோழி வளர்க்கும் வீட்டில் இந்தக் கேள்வி பெரும்பாலும் நான்காவது மாதத்தில்தான் எழுகிறது. தாய்க்கோழி பொரித்த பதினொரு குஞ்சுகளில் பருந்துக்கும் மழைக்கும் போனது போக ஒன்பது தேறியிருக்கும். அவற்றுள் ஐந்தின் கொண்டை சிவந்து நிமிர்ந்திருக்கும். ஒருநாள் விடியற்காலையில் உடைந்த குரலில் ஒன்று கூவிப் பார்க்கும், அடுத்த வாரத்தில் இன்னும் இரண்டு சேர்ந்துகொள்ளும். பொரிக்கும் குஞ்சுகளில் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சரிபாதி என்பதால், ஒவ்வோர் அடைக்கும் இந்தக் கணக்கு நம் முன்னால் வந்து நிற்கும். அப்போது யோசிக்கத் தொடங்கினால், எல்லாச் சேவல்களும் அழகாகத் தெரியும். எதையும் கழிக்க மனம் வராது. அதனால் எண்ணிக்கையை முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

"பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல்" என்ற வழக்கமான கணக்கை யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். அது பிழையன்று. ஆனால் எல்லாப் பெட்டைகளும் ஒரே வயதில், அடைக்குப் படுக்காமல், தொடர்ந்து முட்டையிடும் பண்ணைக்கு அது பொருந்துவதுபோல் நம் வீட்டு முற்றத்துக்குப் பொருந்தாது. அதை வைத்துக்கொண்டு எப்படித் திருத்துவது என்பதையே இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதற்படி: சேவல் எதற்கு என்று தெளிவாதல்

முட்டை மட்டுமே வேண்டுமென்றால் சேவலே தேவையில்லை. சேவல் இல்லாவிட்டால் பெட்டை முட்டையிடாது என்று இன்றும் நம்புகிறவர்கள் உண்டு. பெட்டையின் முட்டையிடுதலை நடத்துவது பகல் வெளிச்சத்தின் நீளமும் தீனியும் வயதும்தானே ஒழியச் சேவல் அன்று. கரு கூடாத முட்டைக்கும் கரு கூடிய முட்டைக்கும் சத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கரு கூடாதது வெயில் காலத்திலும் கரு வளர்ந்து கெடாது என்பது கூடுதல் வசதி. நகரத்தில் சுவரை ஒட்டிய வீடுகளுக்கு நடுவே நான்கு பெட்டை வளர்ப்பவருக்கு நான் சொல்லும் எண்ணிக்கை சுழியம்தான். சேவலை இருட்டில் அடைத்துவைத்தால் கூவாது என்று எண்ணவும் வேண்டாம். மங்கலான ஒளியிலேயே வைத்திருந்த சேவல்களும் ஏறத்தாழ ஒரு நாள் சுழற்சியில் கூவியதை ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். கூவும் நேரத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் அதன் உடலுக்குள் இருக்கும் கடிகாரம்தான்.

குஞ்சு வேண்டுமென்றால் சேவல் வேண்டும். காவலுக்கு என்றாலும் சேவலுக்கு ஒரு மதிப்பு உண்டு. வானத்தில் வல்லூறு தெரிந்தால் ஒரு குரலும், தரையில் நாயோ கீரியோ வந்தால் வேறொரு குரலும் கொடுத்து அது கூட்டத்தை எச்சரிக்கும். இரை கண்டால் கூப்பிட்டுக் காட்டும். ஆனால் அந்த வேலைக்கு ஒரு சேவல் போதும். இரண்டு சேவல் இருப்பதால் குஞ்சு இழப்பு பாதியாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். குஞ்சைக் காப்பது பெரும்பாலும் தாய்க்கோழிதான்.

கிராமங்களில் இன்னொரு வகைச் சேவலும் உண்டு. கருப்பசாமிக்கோ மதுரைவீரனுக்கோ நேர்ந்துவிட்ட சேவலைக் கோவில் கொடை வரும்வரை விற்கவும் முடியாது, அடிக்கவும் முடியாது. அது கணக்கில் இல்லாத சேவல் என்று வீட்டில் நினைப்பார்கள். பெட்டைகளுக்கு அந்த வேறுபாடு தெரியாது. அதையும் எண்ணிக்கையில் சேர்த்தே ஆகவேண்டும், அல்லது தனியே கட்டி வளர்க்க வேண்டும்.

இரண்டாம் படி: பெட்டைகளைச் சரியாக எண்ணுதல்

பலர் தவறுவது இங்கேதான். வீட்டில் பத்துப் பெட்டை இருப்பதாக நாம் எண்ணுகிறோம். சேவலின் பார்வையில் எத்தனை இருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

நாட்டுக்கோழிப் பெட்டை பத்து முதல் பதினைந்து முட்டைகள் வரை இட்டபின் அடைக்குப் படுக்கும். இருபத்தொரு நாள் அடையில் இருக்கும். அதன்பின் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு மாதம் அளவுக்கு அலையும். அடையில் இருக்கும்போதும் சிறு குஞ்சுகளோடு திரியும்போதும் அது சேவலை அருகில் அண்ட விடாது. ஆகவே பத்துப் பெட்டை உள்ள வீட்டில் ஏதேனும் ஒரு நாளில் மூன்றோ நான்கோ அடையிலும் குஞ்சோடும் இருக்கும். இன்னொன்று இறகு உதிர்த்து ஒதுங்கியிருக்கும். சேவலுக்கு எஞ்சுவது ஐந்து அல்லது ஆறு பெட்டைகள்தாம். அந்த ஆறு பெட்டைகளுக்கு இரண்டு சேவல் விட்டால், காகிதத்தில் ஐந்துக்கு ஒன்று என்று தெரியும் விகிதம், நடைமுறையில் மூன்றுக்கு ஒன்று ஆகிவிடும்.

ஒரு மாதம், வாரம் ஒருமுறை, முட்டையிடும் நிலையில் சுதந்திரமாகத் திரியும் பெட்டைகளை மட்டும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நான்கு எண்களில் மிகச் சிறியது எதுவோ, அதற்கு ஏற்பச் சேவலை வையுங்கள். முட்டையிடத் தொடங்காத விடைக்கோழிகளை இதில் சேர்க்கக் கூடாது.

மூன்றாம் படி: இனத்தையும் வயதையும் பார்த்துத் திருத்துதல்

எடை குறைந்த, சுறுசுறுப்பான இனங்களில் ஒரு சேவல் பத்து முதல் பன்னிரண்டு பெட்டைகளைச் சமாளிக்கும். கனத்த இனங்களில் எட்டு என்று வைத்துக்கொள்ளலாம். சிறிய உடலுள்ள நாட்டுக்கோழியான சிறுவிடையின் சேவல் முதல் வகை. சண்டைக்கோழி இனமான அசில் மரபில் வந்த, பெரிய உடலுள்ள பெருவிடைச் சேவல் இரண்டாம் வகைக்கும் கீழே இறங்கும். ஐந்தாறு பெட்டைக்கு ஒன்று என்று விடுவதே பொருத்தம். பெருவிடைச் சேவலைச் சிறுவிடைப் பெட்டைகளோடு விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பெட்டையைப் போல இரு மடங்குக்கு மேல் எடையுள்ள சேவல் முதுகில் ஏறினால், எண்ணிக்கை சரியாக இருந்தாலும் பெட்டைக்குக் கேடுதான்.

வயதைப் பொறுத்தவரை, எட்டு மாதத்திலிருந்து இரண்டு, இரண்டரை ஆண்டு வரை சேவலின் நல்ல காலம். ஆறு மாத இளஞ்சேவலுக்கு வேகம் உண்டு, பக்குவம் இல்லை. ஒரே பெட்டையை நாளெல்லாம் துரத்தும். மூன்று வயதைத் தாண்டியதற்குப் பெட்டைகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

நான்காம் படி: பெட்டையின் முதுகைப் படித்தல்

கணக்கு எப்படி இருந்தாலும், இறுதிச் சொல் பெட்டையின் முதுகிடம்தான் இருக்கிறது. சேவல் மிதிக்கும்போது, அதாவது இணைசேரும்போது, அலகால் பெட்டையின் பிடரியைக் கவ்வி, இரண்டு காலையும் முதுகில் ஊன்றிச் சமன் செய்துகொள்ளும். சேவல் அதிகமானால் முதலில் பிடரி இறகு சிதையும், பிறகு முதுகின் நடுவில் இறகுத் தண்டு ஒடியும், பிறகு தோல் தெரியும், கடைசியில் இறக்கைக்குக் கீழே விலாவில் நகம் கிழிக்கும். விலாக் காயம் இறகுக்குள் மறைந்திருப்பதால் எளிதில் கண்ணில் படாது. எட்டுப் பெட்டைக்கு இரண்டு சேவல் வைத்திருந்த ஆண்டில், ஒரு பெட்டை மந்தமாக நிற்கிறதே என்று தூக்கிப் பார்த்தபோதுதான் அந்தக் காயத்தில் புழு வைத்திருந்ததைக் கண்டேன். அதன்பின் வாரம் ஒருமுறை இரவில், கூட்டில் அடைந்திருக்கும்போது, ஒவ்வொரு பெட்டையையும் எடுத்து இரு இறக்கையையும் தூக்கிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

இறகு போனதெல்லாம் சேவலால் போனதன்று என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். செள்ளும் பேனும் இருந்தால் ஆசனவாயைச் சுற்றியும் வயிற்றிலும் இறகு உதிர்ந்து தோல் சிவந்திருக்கும். இறகு உதிர்க்கும் பருவம் என்றால் கழுத்திலும் உடலிலும் பரவலாக உதிர்வதோடு, முள்போன்ற புதுக்குருத்தும் தெரியும். பிடரியிலும் முதுகிலும் மட்டும், ஒடிந்த தண்டுகளோடு இருந்தால் அது சேவலின் வேலை. ஒடிந்த தண்டு தோலில் இருக்கும்வரை அந்த இடத்தில் புது இறகு முளைக்காது. அடுத்த உதிர்ப்புவரை காத்திருக்க வேண்டும். எனவே "கொஞ்ச நாளில் சரியாகிவிடும்" என்று விடாமல், அந்தப் பெட்டையைப் பிரித்துவைக்க வேண்டும்.

எல்லாப் பெட்டையின் முதுகும் தேய்ந்திருந்தால் சேவல் அதிகம். ஒன்றிரண்டின் முதுகு மட்டும் தேய்ந்து மற்றவை பளபளவென்று இருந்தால், அவை சேவலுக்குப் பிடித்த பெட்டைகள். சேவலைக் குறைப்பதைவிட அந்தப் பெட்டைகளுக்கு ஓய்வு கொடுப்பதும், சேவலின் நகநுனியை வெட்டி மழுக்குவதும் பயன் தரும். கால்முள்ளின் நுனியையும் அரத்தால் தேய்க்கலாம். உள்ளே இரத்த ஓட்டம் இருப்பதால் அடியை ஒட்டி வெட்டக் கூடாது.

ஐந்தாம் படி: சேவல் போதவில்லையா என்று முட்டையைக் கேட்டல்

மறுபக்கத்தை முட்டை சொல்லும். அடைவைத்த ஏழாம் நாள் இரவில், இருட்டறையில், முட்டையின் அகன்ற முனையில் டார்ச் விளக்கை வைத்துப் பாருங்கள். கரு கூடியிருந்தால் சிலந்தி வலைபோல இரத்த நாளம் தெரியும்; கூடாதது வெறும் மஞ்சள் ஒளியாக இருக்கும். பன்னிரண்டில் ஒன்றிரண்டு கரு கூடாமல் இருப்பது இயல்பு. நான்கைந்து என்றால் காரணம் தேட வேண்டும்.

அடைவைக்காமலே பார்க்கவும் வழி உண்டு. சமையலுக்கு உடைக்கும் முட்டையின் மஞ்சள் கருவின் மேல் ஒரு வெண்புள்ளி இருக்கும். அது சிறிதாக, ஒழுங்கற்ற திட்டாக இருந்தால் கரு கூடவில்லை. வளையத்துக்குள் வளையமாகச் சற்று அகன்று இருந்தால் கரு கூடியிருக்கிறது. எந்தப் பெட்டை எந்த வடிவில், எந்த நிறத்தில் முட்டையிடும் என்பது வளர்ப்பவருக்குத் தெரியும். ஒரே பெட்டையின் முட்டை மட்டும் தொடர்ந்து கருவற்று இருந்தால் குறை அந்தப் பெட்டையிடமோ, சேவல் அதை ஒதுக்குவதிலோ இருக்கிறது. எல்லாப் பெட்டைகளின் முட்டையும் கருவற்று இருந்தால் சேவலின் வயது, நோய், கால் ஊனம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டு நிலையிலும் இன்னொரு சேவலைக் கூட்டத்தில் சேர்ப்பது முதல் மருந்தன்று.

கத்திரி வெயில் காலத்தில் இந்தச் சோதனையை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். கடும் வெப்பத்தில் சேவலின் விந்துத் தரம் குறையும். வெயில் அடிக்கும் அறையில் சேர்த்துவைத்த முட்டைகளில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி இறந்துபோகும். ஈரமணல் மேல் வைத்த மண்சட்டியில் முட்டையைச் சேர்த்து, ஒரு வாரத்துக்குள் அடைவைத்துப் பார்த்த பிறகே சேவலைக் குறை சொல்லலாம்.

சேவலின் எண்ணிக்கை குறைவாகவே இருக்கலாம் என்பதற்குப் பெட்டையின் உடலமைப்பே துணை. ஒருமுறை இணைந்த பெட்டை, விந்தைத் தன் கருக்குழாயிலுள்ள நுண்ணிய அறைகளில் சேமித்துவைத்துக்கொள்கிறது. ஒரு வாரம் நல்ல கருப்பிடிப்பு இருக்கும். அதன்பின் குறைந்துகொண்டே வந்து, இரண்டு மூன்று வாரத்தில் நின்றுவிடும். ஆகவே சேவல் நாள்தோறும் ஒவ்வொரு பெட்டையையும் மிதிக்க வேண்டிய தேவையே இல்லை. மூன்று நான்கு பெட்டை மட்டும் உள்ளவர்கள் சேவல் வைத்திராமல், அடைவைக்கப் போகும் சமயத்தில் நம்பிக்கையான ஒரு வீட்டிலிருந்து சேவலை இரவல் வாங்கலாம். அதைவிட எளிது, அந்த வீட்டிலிருந்து கரு கூடிய முட்டையை வாங்கி நம் அடைக்கோழியின் கீழ் வைப்பது.

ஆறாம் படி: இரண்டாவது சேவலை எங்கே வைப்பது

பன்னிரண்டு, பதினைந்து பெட்டை ஆனதும் இரண்டாவது சேவலைப் பற்றிய எண்ணம் வரும். ஓர் உறையில் இரண்டு வாள் இருக்காது என்பது இதற்கும் பொருந்தும். ஆனால் உறையை அகலமாக்க முடியும். ஒன்றின் கண்ணில் மற்றொன்று படாமல் மறையப் புதரோ, வைக்கோல் போரோ, வீட்டின் மறுபுறமோ இருக்க வேண்டும். தீனியும் தண்ணீரும் இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். இரவில் அடையும் கூட்டில் ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடியாவது கிடைக்க வேண்டும். இவை இல்லாத ஐந்து சென்ட் வீட்டில் இரண்டு சேவல் என்பது நாள்தோறும் சண்டைதான். கூடவே வளர்ந்த அண்ணன் தம்பிச் சேவல்கள் ஓரளவு ஒத்துப்போகும். வெளியிலிருந்து கொண்டுவந்த வளர்ந்த சேவல் அப்படி ஒத்துப்போவது அரிது.

ஒத்துப்போனாலும், மிதிப்பதில் பெரும்பங்கு மேலாதிக்கச் சேவலுக்கே போகும். கீழ்ப்பட்ட சேவல் திருட்டுத்தனமாகப் பெட்டையைத் துரத்திப் பிடிக்கும். அதுதான் பெட்டைக்குக் கூடுதல் காயம். இதனால் நான் பரிந்துரைப்பது, ஒரு சேவலைக் கூட்டத்தோடும் மற்றொன்றைத் தனிக் கூண்டிலோ பஞ்சாரத்திலோ மாற்றுச் சேவலாகவும் வைத்திருப்பதை. பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டையும் இடம் மாற்றினால் இரண்டின் வழியும் குஞ்சு வரும், சண்டையும் இராது. வெள்ளைக்கழிச்சல் நோயோ தெருநாயோ முதல் சேவலைக் கொண்டுபோனால் கைவசம் இன்னொன்று இருக்கும்.

செலவையும் நினைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு நூற்றுப்பத்து கிராம் என்று கொண்டாலும் ஒரு சேவலுக்கு ஆண்டுக்கு நாற்பது கிலோ தீனி ஆகிறது. மேய்ச்சல் இருந்தால் அதில் ஒரு பகுதி மிச்சம்.

என் கணக்கில், நான்கு பெட்டை வரை சேவல் வேண்டாம். ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை ஒன்று. பதின்மூன்றிலிருந்து இருபது வரை ஒன்றும், தனியே ஒரு மாற்றும். அதற்கு மேல் தோப்பு, தோட்டம் என்று இடமிருந்தால் மட்டும் பத்துப் பெட்டைக்கு ஒன்று என்று கூட்டத்தோடு விடலாம். இந்த எண்கள் இரண்டாம் படியில் சொன்ன, சுதந்திரமாகத் திரியும் பெட்டைகளைக் குறிப்பவை.

ஏழாம் படி: இரத்த உறவைக் கணக்கிடுதல்

சொந்தக் குஞ்சிலிருந்தே அடுத்த தலைமுறையை எடுப்பவர்களுக்குச் சேவலின் எண்ணிக்கை வேறொரு வகையிலும் முக்கியம். இரத்த உறவுக்குள் சேரும் ஆபத்தை அளக்க இனப்பெருக்க அறிவியலில் ஒரு கூட்டத்தின் பயனுறு எண்ணிக்கை என்று ஒன்று உண்டு; அது சிறியதானால் ஆபத்து அதிகம்: ஆணின் எண்ணிக்கையைப் பெண்ணின் எண்ணிக்கையால் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, ஆண் பெண் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒரு சேவல், பத்துப் பெட்டை என்றால் விடை 3.6. ஒரு சேவலுக்கு நூறு பெட்டை இருந்தாலும் விடை 3.96தான், எத்தனை பெட்டை சேர்த்தாலும் நான்கைத் தொடாது. அதே பத்துப் பெட்டைக்கு இரண்டு சேவலின் வாரிசும் சமமாகக் கிடைத்தால் 6.7 ஆகிறது. ஒற்றைச் சேவல் கூட்டத்தில் ஒவ்வொரு தலைமுறையிலும் உள்ளினச் சேர்க்கை (உறவுக்குள்ளேயே சேருவது) ஏறத்தாழ 14 விழுக்காடு கூடும். இரண்டு சேவல் என்றால் அது 7.5 விழுக்காடு. பொரிப்பு குறைவது, குஞ்சு வலுவிழப்பது, கால் கோணல் போன்றவை இதன் பின்னால் வரும்.

இதற்குத் தீர்வு ஒரே முற்றத்தில் சேவல்களைக் குவிப்பதன்று, சேவலை மாற்றுவது. இந்த ஆண்டு பொரித்த பெட்டைக்குஞ்சு ஆறேழு மாதத்தில் முட்டையிடத் தொடங்கும். அப்போதும் அதே சேவல் இருந்தால் தகப்பன் மகளோடு சேருகிறது. எனவே ஆண்டுக்கு ஒருமுறை சேவலை மாற்ற வேண்டும். மூன்று வீட்டார் சேர்ந்து, முதல் வீட்டில் பிறந்த சேவல் இரண்டாம் வீட்டுக்கும், இரண்டாம் வீட்டுச் சேவல் மூன்றாம் வீட்டுக்கும், மூன்றாம் வீட்டுச் சேவல் முதல் வீட்டுக்கும் ஆண்டுதோறும் ஒரே திசையில் போகுமாறு ஏற்பாடு செய்துகொண்டால், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சேவலை மட்டும் வைத்துக்கொண்டு பல ஆண்டு ஓட்டலாம்.

வெளியிலிருந்து வரும் சேவலை மூன்று வாரம் தனியே வைத்து, கழிச்சல், சளி, அம்மைக் கொப்புளம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கோழிக்கழிச்சல் தடுப்பூசி போட்டதா என்று கேளுங்கள். கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதம் நடத்தும் இருவார முகாமில் தவறாமல் போட்டுவிடலாம். பழைய சேவலை அகற்றிய பிறகே, இரவில், பெட்டைகள் அடைந்தபின் புதியதைக் கூட்டில் விட வேண்டும். பெட்டையின் உடலில் பழைய சேவலின் விந்து தங்கியிருக்கும் என்பதால், குஞ்சு புதிய சேவலுடையதுதான் என்று உறுதியாகச் சொல்ல மூன்று வாரம் கழித்து இட்ட முட்டையையே அடைவைக்க வேண்டும்.

எட்டாம் படி: எதை நிறுத்துவது, எதைக் கழிப்பது

ஆறு முதல் எட்டு வாரத்தில் கொண்டை சிவப்பதை வைத்தும், மூன்று மாதத்தில் வால் அடியிலும் பிடரியிலும் நீண்ட கூரிய இறகு இறங்குவதை வைத்தும் சேவலைப் பிரித்தறியலாம். அப்போதே பாதியை மனத்தளவில் கழித்துவிடுங்கள். வைத்துக்கொள்ள நினைப்பவற்றின் காலில் வண்ண நூல் கட்டி, ஆறாம் மாதம் வரை பார்த்து, ஒன்றையோ இரண்டையோ நிறுத்துங்கள்.

பெரியதையும் சண்டைக்காரனையும் தேர்ந்தெடுப்பது பொதுவான ஆசை. நான் பார்ப்பது வேறு: நேரான விரல், கோணாத மார்பெலும்பு, தெளிந்த கண், நிறைய முட்டையிட்டு நிறையக் குஞ்சைத் தேற்றிய தாய். இரை கண்டால் தான் கொத்தாமல் பெட்டைகளைக் கூப்பிடும் சேவல் பெரும்பாலும் மிதிப்பதிலும் மென்மையாக இருக்கும். ஆளைப் பார்த்துப் பாயும் சேவல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். குழந்தையின் முகம் அதன் கால்முள்ளுக்கு எட்டும் உயரம், அந்தக் குணம் வாரிசிலும் தொடரக்கூடும்.

மிஞ்சிய சேவல்களைப் பெட்டைகளின் கண்ணில் படாத அடைப்பில் ஒன்றாக விட்டால், ஐந்தாறு மாதம் வரை பெரிய சண்டையின்றி வளரும். நடுவில் ஒன்றை வெளியே எடுத்துப் பெட்டைகளோடு பழகவிட்டு மீண்டும் உள்ளே விடாதீர்கள், மற்றவை அதை அடித்துவிடும். தீபாவளி, பொங்கல், ஊர்க்கொடை ஆகியவற்றை ஒட்டி விற்பதற்கு ஏற்ப அடைவைக்கும் மாதத்தைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டால் நல்ல விலை கிடைக்கும். சேவற்கட்டுக்கு (சேவல் சண்டைக்கு) என்று கேட்டு வருபவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். விலங்குகளை மோதவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மாற்றுச் சேவலாக நிறுத்தியதைத் தவிர மற்றவை ஏழாம் மாதம் தொடங்குமுன் வீட்டை விட்டுப் போயிருக்க வேண்டும், ஏனெனில் அந்தச் சமயத்தில்தான் அடுத்த அடையின் இளஞ்சேவல்களுக்குக் கொண்டை சிவக்கத் தொடங்கும்.